துத்தி முளைக்காத இருக்கை

ஆனி மாதத்தின் மூன்றாவது செவ்வாய்க்கிழமை, முதல் நடைக்கு வண்டி எடுக்க வந்த ஓட்டுநர்களில் மூன்று பேர் ஏறிய வேகத்தில் இறங்கி வந்து, ஆலடிப்புதூர் பேருந்துப் பணிமனையின் வேப்பமரத்தடியில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள். மூன்று பேருடைய இருக்கைகளிலும், ரெக்சின் கிழிந்து பஞ்சு தெரிந்த இடத்தில், நான்கு விரல் உயரத்துக்குத் துத்தி முளைத்திருந்தது. மழைக்குப் பிறகு சாலையோரத்தில் தானாக வருகிற, யாரும் விதைக்காத, யாரும் வேலி கட்டாத அதே செடி. அரசிலையைச் சிறிதாக்கிப் பூனையின் காதுபோல மெத்தென்று ஆக்கிய இலை, சாயங்காலத்தில் மட்டும் விரிகிற மஞ்சள் பூ, பற்சக்கரம் போன்ற காய்.

மெக்கானிக்குகள் திருப்புளியால் கிண்டி எடுத்தார்கள். வண்டிகள் ஒரு நடை போய்த் திரும்புவதற்குள் அது மறுபடியும் முளைத்திருந்தது, முன்னைவிட ஒரு விரல் கூடுதலாக. கிளை மேலாளர் தலைமை அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டார். பேருந்துக்குள் பயிர் செய்ய விதிகளில் இடமில்லை என்று பதில் வந்தது. அந்தப் பதிலை அவர் நின்றுகொண்டே படித்தார், ஏனென்றால் அதற்குள் அவருடைய சுழல்நாற்காலியிலும் இரண்டு இலை விட்டிருந்தது.

துத்தி எந்த நோய்க்கான இலை என்று எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும், அதனால் யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. மூலம் உள்ளவர் எங்கே வழக்கமாக உட்காருகிறாரோ அங்கே அது முளைத்தது, அவ்வளவுதான். பத்திரம் எழுதுகிறவரின் முக்காலியில் முளைத்தது, நகைக்கடை முதலாளியின் வெள்ளை மெத்தையில் முளைத்தது, மாதாகோயிலில் மூன்றாவது வரிசை பெஞ்சின் ஓரத்தில் முளைத்தது, தலைமையாசிரியையின் நாற்காலியில் முளைத்தது, தையல் மெஷின்களுக்கு முன்னாலும் பீடி சுற்றுகிற பெண்களின் சாக்குகளிலும் அடுப்படியில் அரிவாள்மணைப் பலகையிலும் முளைத்தது. முதல் இரண்டு வாரம் ஊரே நின்றது. கல்யாணப் பந்தியில் நின்றபடி குனிந்து சாப்பிட்டார்கள், இழவு வீட்டில் நின்றபடி அழுதார்கள், பெண் பார்க்க வந்தவர்கள் தங்கள் வீட்டு நாற்காலியைத் தாங்களே தூக்கிக்கொண்டு வந்து, காப்பி குடித்துவிட்டு, மறக்காமல் திருப்பித் தூக்கிக்கொண்டு போனார்கள்.

பெண்கள்தான் முதலில் உட்கார்ந்தார்கள். பக்கத்து வீட்டு அரிவாள்மணையில், தன் வீட்டில் நிற்பதன் உயரத்துக்கே ஒரு செடி நிற்பதைப் பார்த்த ஒருத்தி, இருபது வருஷமாக மதிலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே வலியை ஒளித்து வைத்துக்கொண்டு மதிலின் மேலாக உப்பும் புளியும் மட்டும் மாற்றிக்கொண்டிருந்தோமே என்று நினைத்து அழுதாள். அழுது முடிந்ததும் இருவரும் உட்கார்ந்து இலையைக் கிள்ளினார்கள்.

பணிமனையில் அதைத் தொடங்கிவைத்தவள் உணவகம் நடத்துகிற பூவம்மாள். கிளை மேலாளர் களைக்கொல்லி மருந்து அடிக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த காலையில், அவள் ஒரு மூங்கில் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு வண்டி வண்டியாக ஏறி, இருக்கை இருக்கையாக இலையைப் பறித்தாள்.

"என்னம்மா செய்த?" என்று அவர் கேட்டார்.

"வந்தது வந்துட்டு சார். நாம விதைக்கவும் இல்ல, நம்மால பிடுங்கவும் முடியல. தின்னுதான் தீக்கணும்."

அன்று மத்தியானம் பாசிப்பருப்பும் சின்ன வெங்காயமும் போட்டுத் துத்திக் கூட்டு வைத்தாள். மிஞ்சிய இலையை விளக்கெண்ணெயில் வதக்கி, கை பொறுக்கிற சூட்டில் துணியில் முடிந்து, வீட்டில் போய்க் கட்டிக்கொள்ளுங்கள் என்று ஆளுக்கொன்று கொடுத்தாள். பரோட்டாக் கல்லைக் கவிழ்த்து வைத்துவிட்டு அதன் மேல் மோர்ப்பானையை ஏற்றினாள். புளியில் அவித்து மசித்த கருணைக்கிழங்கு ஒரு நாள், வாழைத்தண்டு ஒரு நாள், முருங்கைக்கீரை ஒரு நாள் என்று முறை வைத்தாள். காலையிலும் மாலையிலும் அகலமான பாத்திரத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுக் கால் மணி நேரம் உட்காரச் சொன்னாள். ஊரில் பிளாஸ்டிக் தொட்டிகள் தீர்ந்துபோய்த் திருநெல்வேலியிலிருந்து வரவழைத்தார்கள்.

"எல்லாம் இஞ்சின் சூடு" என்றார் ஒரு ஓட்டுநர், தட்டைப் பார்த்துக்கொண்டே.

"சூடு பாதி. வழியில ஒதுங்க இடமில்லைன்னு விடிஞ்சதுல இருந்து ஒரு சொட்டுத் தண்ணி குடிக்காம ஓட்டுதியளே, அது மீதி. எந்திரிக்காம உக்காந்திருந்தா பாறைக்கே பாசி வந்திரும். ஒங்களுக்கு வராதா?"

அவள் சொல்லித்தான் அந்த வழக்கம் வந்தது. அரை மணிக்கு ஒரு தரம் வண்டி எங்கே இருந்தாலும், பொட்டல் காடாக இருந்தாலும், நடத்துநர் "ஸ்டாப்பு" என்று குரல் கொடுக்க வேண்டும். ஓட்டுநர் இஞ்சினை அணைத்து இறங்கி, ஒரு செம்பு தண்ணீர் குடித்து, வண்டியின் பின்பக்கம் வரை நடந்து திரும்பி வர வேண்டும். பயணிகள் ஒரு வாரம் முணுமுணுத்தார்கள், இரண்டாவது வாரம் அவர்களும் இறங்கி நடந்தார்கள். எல்லா வண்டிகளும் பதினோரு நிமிஷம் தாமதமாக வரத் தொடங்கின, ஆகவே பள்ளிக்கூட மணி பதினோரு நிமிஷம் தள்ளி அடித்தது, சினிமாக் கொட்டகையில் படம் பதினோரு நிமிஷம் தள்ளி ஓடியது, நல்ல நேரம்கூடப் பதினோரு நிமிஷம் காத்திருந்து தொடங்கியது.

அப்படியே குணமும் ஆனது. ஆவணி பிறந்தபோது, யாருக்கு வலி நின்றதோ அவருடைய செடி பழுத்து, இலை உதிர்த்து, சக்கரம் சக்கரமாகக் காய் வெடித்து, தான் வந்த வேலை முடிந்தது என்பதுபோல் ஒரு நாள் காலையில் இல்லாமல் போயிற்று. ரெக்சினில் ஒரு கீறல்கூட இருக்காது. சிலருக்கு இரண்டு மாதம் ஆயிற்று, சிலருக்குப் போனது திரும்பி வந்தது, நாலைந்து பேருக்கு ஆஸ்பத்திரியில் போய் வெட்டிக்கொண்ட பிறகுதான் போயிற்று. ஆனாலும் செடியைப் பார்த்தால் தெரிந்தது, என்ன நடக்கிறது என்று. ஊர் அந்தத் தெளிவுக்குப் பழகிக்கொண்டது. இன்னொரு பழக்கமும் கூடவே வந்தது. செடி இருந்தால் நோய், செடி இல்லையென்றால் நோய் இல்லை என்று யாரும் சொல்லாமலே எல்லோரும் நம்பத் தொடங்கினார்கள்.

பணிமனையின் அறுபத்திரண்டு ஓட்டுநர்களில் ஒருவருடைய இருக்கையில் மட்டும் ஒன்றும் முளைக்கவில்லை.

அவர் பெயர் ஐயம்பெருமாள். ஐம்பத்தாறு வயது. முப்பத்தொரு வருஷமாக வண்டி ஓட்டுகிறவர், அதில் கடைசிப் பத்தொன்பது வருஷம் திருச்செந்தூர் வழித்தடத்தில். ஆடி அசையாத மனிதர், அதிகம் பேசாதவர், முன்கண்ணாடிக்கு மேலே உள்ள சின்னக் கண்ணாடியில் பின்னால் இருப்பவர்களைப் பார்த்துக்கொண்டே முன்னால் போகத் தெரிந்தவர். அவருடைய இருக்கை கறுப்பாக, வழவழப்பாக, அன்றைக்குத்தான் தைத்ததுபோல் இருந்தது. முதலில் மற்ற ஓட்டுநர்கள் வந்து தொட்டுப் பார்த்தார்கள். பிறகு மேலாளர் வந்து பார்த்தார். சுதந்திர தின விழாவில் அவரை மேடைக்குக் கூப்பிட்டு, ஒரு எவர்சில்வர் சாப்பாட்டு அடுக்கும், கண்ணாடி போட்ட ஒரு நற்சான்றிதழும் கொடுத்தார்கள். 'நோயற்ற ஓட்டுநர்' என்று அதில் எழுதியிருந்தது. அதை உணவகத்தில், மோர்ப்பானைக்கு மேலே மாட்டினார்கள்.

அதன் பிறகு ஊர் அவரை விடவில்லை. கூட்டுறவு வங்கிக்குப் புது நாற்காலிகள் வந்தபோது முதலில் அவரை உட்காரவைத்து எழுப்பினார்கள். கல்யாண மண்டபங்களில் மாப்பிள்ளை உட்காரப்போகிற பலகையில் அவரை ஒரு நிமிஷம் உட்காரச் சொல்லிவிட்டுத்தான் மாப்பிள்ளையை அழைத்தார்கள். அவர் உட்கார்ந்த இடம் துலங்கும் என்றார்கள். அவர் கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் வந்து, உட்கார்ந்து, பற்களைக் கடித்துக்கொண்டு எழுந்து போனார்.

ஏனென்றால் அவருக்குத் தை மாதத்திலிருந்தே ரத்தம் போய்க்கொண்டிருந்தது.

துத்தி வருவதற்கு ஐந்து மாதம் முன்பே அது தொடங்கியிருந்தது. ஓட்டுநர் என்றால் மூலம் இருக்கும், அதைப் போய் யாரிடம் சொல்வது என்று அவர் இருந்தார். செடிகள் முளைத்த காலையில், எல்லோரையும்போல அவரும் பயந்துகொண்டே வண்டியில் ஏறினார், வெறும் இருக்கையைப் பார்த்து நிம்மதியாக மூச்சுவிட்டார். மறுநாளும் நிம்மதி. பத்தாம் நாள் அந்த நிம்மதி எங்கோ இறங்கிப் போய்விட்டது. கூட ஓட்டுகிறவர்கள் இலை தின்று, மோர் குடித்து, நடந்து, குணமாகிக்கொண்டிருந்தார்கள். அவர் விடிகாலையில் யாரும் வருவதற்கு முன் வண்டியில் ஏறி, இருக்கையை விரலால் தடவி, ஏதாவது முண்டுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். செடி வந்துவிட்டால் போதும், தனக்கும் எல்லோருக்கும் உள்ளதுதான், எல்லோரும் செய்வதைச் செய்யலாம். அது வராமல் இலையைக் கேட்பதற்கு அவருக்கு வாய் வரவில்லை. ஒரே ஒரு தரம்தான் கேட்டார்.

"பூவு, எனக்கும் ஒரு கரண்டி துத்தி போடேன்."

"ஒங்களுக்கு எதுக்கு அண்ணாச்சி? ஒங்க சீட்டு கழுவிவிட்ட சிமெண்டுத் தரை மாதிரி கிடக்கு. சீக்கு உள்ள மனுசனுக்குத்தான் இதெல்லாம்" என்று பூவம்மாள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே, கேட்டுவிட்டாரே என்று அரைக் கரண்டி போட்டாள். வரிசையில் பின்னால் நின்றவர்களும் சிரித்தார்கள்.

அவருடைய மனைவி செண்பகவடிவு அதைக் கண்டுபிடித்தது ஒரு வாளியால். கல்யாணமாகி இருபத்தொன்பது வருஷத்தில் ஒரு கைக்குட்டையைக்கூடத் தானாகத் துவைத்திராத மனிதர், கிணற்றடியில் குந்தி, காக்கிக் கால்சட்டையை அலசிக்கொண்டிருந்தார். வாளித் தண்ணீர் துருப்பிடித்த நிறத்தில் இருந்தது.

"எவ்வளவு நாளா?"

"பொங்கல் முடிஞ்சதுல இருந்து."

"எங்கிட்ட சொல்லலியே."

"செடி வரட்டும்னு பாத்தேன்."

அவள் வாளியை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். பிறகு அவள், அந்த வருஷம் எங்கள் ஊரில் யாராக இருந்தாலும் சொல்லியிருக்கக்கூடியதைச் சொன்னாள்.

"வரும். எல்லாருக்கும் வந்திருக்குல்லா. ஒங்களுக்குக் கொஞ்சம் பிந்துது."

அன்றிலிருந்து இருவருமாகக் காத்திருந்தார்கள். அவள் யார் வீட்டிலாவது இலை கேட்டு வாங்கி, தனக்கென்று பொய் சொல்லி, அவருக்கு வைத்துக் கொடுத்தாள். அத்திப்பழம் கொடுத்தாள், கடுக்காய்த்தூளை வெந்நீரில் கலந்து கொடுத்தாள், மிளகாயையும் கோழியையும் வீட்டைவிட்டே விலக்கினாள், வெந்நீர்த் தொட்டியில் அவரை உட்காரவைத்துத் தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள். மற்றவர்களுக்கு ரத்தத்தை நிறுத்தியதெல்லாம் அவருக்கு நிறுத்தவில்லை. வீட்டில் அவர் உட்காருகிற பிரம்பு நாற்காலிக்குத் தினமும் ஒரு கை தண்ணீர் தெளித்தாள். இசக்கியம்மனுக்குத் துத்திப் பூமாலை நேர்ந்துகொண்டாள். என் வீட்டுக்காரருக்கு நோயைக் கொடு தாயே என்று ஒருத்தி வேண்டுவதை அந்த அம்மன் அதற்கு முன் கேட்டிருக்கமாட்டாள்.

ஆவணிக் கடைசியில் அவள் இன்னொன்றும் செய்தாள். அவர் வண்டியின் நடத்துநர் சூசை வீட்டுக்குப் போய், அவனுக்குக் குணமானபோது வெடித்த காய்களிலிருந்து விதை வாங்கி வந்தாள். மறுநாள் விடியுமுன் சாப்பாட்டைக் கொடுக்கிற சாக்கில் பணிமனைக்குள் போய், அவருடைய இருக்கைத் தையலைப் பிரித்து, பஞ்சுக்குள் விதையைத் தூவித் தைத்துவிட்டு வந்தாள். அது முளைத்தது. அவர் வண்டியில் ஏறியபோது இரண்டு சின்ன இலைகள் நடு இருக்கையில் நின்றன. அவர் கைகூப்பவில்லை, சத்தம் போடவில்லை. இறங்கிப் போய், பூவம்மாளிடம் ஆறு இட்டிலி வாங்கி, பல மாதத்துக்குப் பிறகு ஆறையும் தின்றார். அன்றைக்கு வண்டி ஓட்டும்போது வாய்க்குள் எதையோ முனகிக்கொண்டே ஓட்டினார் என்று சூசை சொல்வான். திருச்செந்தூர் போய்த் திரும்பியபோது அந்த இரண்டு இலைகளும் அடுப்பில் விழுந்த காகிதம்போலக் கருகியிருந்தன. அவள் மறுபடியும் விதைத்தாள். மறுபடியும் கருகிற்று.

புரட்டாசியில் ஒரு வெள்ளிக்கிழமை, திருச்செந்தூர் நிலையத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, அவர் எழுந்திருக்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தார். சூசை பின்னாலிருந்து வந்தான். நாற்பத்தைந்து வயது, மணப்பாட்டுக்காரன், எதையும் கேலியாகவே தொடங்குகிறவன்.

"என்ன அண்ணாச்சி, சுப்பிரமணிய சாமி வந்து எறக்கிவிடணுமா?"

"கொஞ்சம் பொறு. கண்ணு இருட்டுது."

"பெல்ட்டுல எத்தன ஓட்ட போட்டிருக்கிய?"

சூசை குனிந்து எண்ணினான். கடைக்காரன் போட்ட ஓட்டைகளுக்கு உள்ளே, ஆணியால் குத்திய புது ஓட்டைகள் நான்கு இருந்தன. அவன் அவருடைய அக்குளில் கைகொடுத்துத் தூக்கினான். அவர் எழுந்த பிறகு இருக்கையைப் பார்த்தான். துலங்கிய கறுப்பு ரெக்சினின் மேல், ஒரு மாம்பழ அகலத்துக்கு, ரத்தம் இருந்தது.

அவன் கேலியை விட்டுவிட்டான்.

"இது எப்பல இருந்து?"

"செடி வரலையே சூசை."

"வராது அண்ணாச்சி." தோளில் கிடந்த துண்டை எடுத்து இருக்கையைத் துடைத்தான், மடித்தான், இன்னொரு பக்கத்தால் துடைத்தான். "செடிக்குத் தெரிஞ்ச சீக்கு ஒண்ணு. அதுக்குத் தெரியாத சீக்கு எவ்வளவோ கிடக்கும்லா. நாமதான் கூமுட்ட மாதிரி சீட்டப் பாத்துட்டு இருந்திருக்கோம்."

பயணிகளை அடுத்த வண்டியில் ஏற்றிவிட்டு, அவன் அவரை ஒரு வாடகைக் காரில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். செண்பகவடிவு வெந்நீர்த் தொட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஓடி வந்தாள்.

பரிசோதித்தவர் ஒரு இளம் பெண் மருத்துவர். அவருடைய நாற்காலியிலும் முழ உயரத்துக்குத் துத்தி நின்றது, அதை ஒதுக்கிவிட்டுத்தான் உட்கார்ந்தார். கையுறையைக் கழற்றினார், எழுதினார், இரண்டு நாளில் இன்னும் சில பரிசோதனைகள் செய்தார், மூன்றாம் நாள் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார்.

"எட்டு மாசமா ரத்தம் போயிருக்கு. ஏன் வரல?"

"மூலம்னு நினைச்சோம்மா" என்றாள் செண்பகவடிவு.

"யாரு சொன்னா மூலம்னு?"

"யாரும் சொல்லல. அப்புறம் செடி வரலைன்னதும் மூலமும் இல்லைன்னு நினைச்சோம். வந்துரும் வந்துரும்னும் நினைச்சோம்." தான் சொல்வது தனக்கே ஒன்றோடொன்று ஒட்டாமல் இருப்பதைக் கேட்டு அவள் நிறுத்திக்கொண்டாள்.

"செடி வந்தாலும் வரலைன்னாலும், ரத்தம் வந்தா வந்து காட்டிறணும்மா" என்றார் மருத்துவர். கோபமாகச் சொல்லவில்லை. அந்த வருஷம் அதைப் பலரிடம் சொல்லிச் சொல்லிக் குரல் தேய்ந்திருந்தது. பிறகு, குடலின் கடைசியில் கட்டி என்றும், அது அங்கேயே நிற்கவில்லை, ஈரலுக்கும் போயிருக்கிறது என்றும் சொன்னார். தை மாதத்திலேயே வந்திருந்தால் என்று தொடங்கியவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை.

செய்தி ஊருக்குள் போனதும், செடி முளைக்காத இருக்கைக்காரர்கள் எல்லோரும் தங்கள் இருக்கைகளை எட்ட நின்று பார்த்தார்கள். எந்த வெறுமை நேற்றுவரை பெருமையாக இருந்ததோ அதன் மேல் இன்று உட்காரப் பயமாக இருந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிற காலை வண்டி ஒரு மாதத்துக்கு நிரம்பி வழிந்தது. உணவகத்தில் மாட்டியிருந்த நற்சான்றிதழை யார் எடுத்தார்கள் என்று தெரியவில்லை. ஒரு நாள் மோர்ப்பானைக்கு மேலே சுவரில் ஒரு வெளிறிய சதுரம் மட்டும் இருந்தது. கல்யாண வீட்டுக்காரர்கள் அவர் உட்கார்ந்த பலகைகளை என்ன செய்வதென்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். ஊருக்கு எதையும் ஏற்றுக்கொள்ளத் தெரியும், யாரிடமும் மன்னிப்புக் கேட்கத்தான் தெரியாது.

பூவம்மாள் மட்டும் வந்தாள். பெரிய தூக்குவாளி நிறையத் துத்திக் கூட்டு கொண்டுவந்து, கட்டில் காலருகில் வைத்துவிட்டு நின்றாள்.

"அன்னைக்கு அரைக் கரண்டிதான் போட்டேன் அண்ணாச்சி."

"முழுசாப் போட்டிருந்தாலும் இது இதுதான் பூவு. உக்காரு."

"நான் நிக்கேன்" என்று அவள் சொன்னாள். ஒரு மணி நேரம் நின்றுவிட்டுப் போனாள். அந்தக் கூட்டை அவரால் சாப்பிட முடியவில்லை, வார்டில் இருந்தவர்களுக்குச் செண்பகவடிவு பகிர்ந்து கொடுத்தாள்.

மலம் போக வயிற்றில் வாசல் வைத்து ஒரு பை கட்டினார்கள். மருந்து ஏற்றினார்கள், வாந்தி வந்தது, மருந்தை நிறுத்தினார்கள். இனி வலி இல்லாமல் பார்த்துக்கொள்வதுதான் என்றார்கள். ஐப்பசி முழுக்க மழை பெய்தது. செண்பகவடிவு கட்டிலுக்குப் பக்கத்தில் ஓர் இரும்பு முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். நோயாளியைப் பார்த்துக்கொள்ள வந்தவர்களுக்கான கழிப்பறை மூன்று மாடிக்குக் கீழே இருந்தது, அங்கே எப்போதும் வரிசை நின்றது. அவள் போகிற நேரத்தில் அவர் கண்ணைத் திறந்து தேடினால் என்ன செய்வது என்று அவள் தண்ணீர் குடிப்பதை விட்டாள். கடையில் வாங்கிய பன்னைத் தின்றாள். எழுந்திருக்காமல் நாற்பத்தோரு நாள் உட்கார்ந்திருந்தாள்.

நாற்பத்திரண்டாம் நாள் காலையில் அவர்தான் முதலில் பார்த்தார். முகம் மழிப்பதற்காகக் கட்டில் கம்பியில் ஒரு சின்னக் கண்ணாடியைச் சூசை கட்டிவிட்டுப் போயிருந்தான், அதன் வழியாகத்தான் அவர் இப்போது உலகத்தைப் பார்த்தார். அவள் ஜன்னலைச் சாத்த எழுந்த நேரத்தில், முக்காலியின் இரும்புத் தகட்டில், இரண்டு இலைகள்.

"வடிவு."

"என்னங்க?"

"உனக்கு வந்துட்டுட்டி."

அவள் திரும்பிப் பார்த்தாள். வெட்கப்படுவதற்கு அவளுக்கு நேரமில்லை. அவர் சிரித்துக்கொண்டிருந்தார், வாய் மட்டுமல்ல, உள்ளே போய்விட்ட கன்னங்களும் சேர்ந்து. அப்படி அவர் சிரித்து ஒரு வருஷம் ஆகியிருந்தது.

"உனக்காவது வந்ததே" என்றார். "தீந்துரும் பாரு. இது தீர்ற சீக்கு."

மருத்துவரை வரவழைத்து அவளைப் பார்க்கச் சொன்னார், அதில் மட்டும் பிடிவாதமாக இருந்தார். மூலம்தான், வேறொன்றுமில்லை, தண்ணீர் குடித்து எழுந்து நடந்தால் போதும் என்று மருத்துவர் சொன்ன பிறகுதான் தலையைத் தலையணையில் சாய்த்தார். அதற்குப் பிறகு அவருக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது. என்னென்ன தின்ன வேண்டும், எதை விட வேண்டும், தண்ணீர் எந்தச் சூட்டில் இருக்க வேண்டும் என்பதெல்லாம், தனக்கு உதவாத ஒவ்வொன்றும், அவருக்குத் தலைகீழ்ப் பாடமாக இருந்தது. அரை மணிக்கு ஒரு தரம், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, எழும்பாத குரலில் அவர் சொல்வார்.

"ஸ்டாப்பு."

அவள் எழுந்து, தாழ்வாரத்தின் கடைசி வரை நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். பக்கத்துக் கட்டில்காரர்களோடு இருந்த பெண்களும் எழுந்து அவளோடு நடக்கத் தொடங்கினார்கள். தாழ்வாரத்தில் ஏழெட்டுப் பெண்கள் அரை மணிக்கு ஒரு தரம் போய்த் திரும்புவதைச் செவிலியர்கள் பார்த்துவிட்டு, வழியில் கிடந்த தள்ளுவண்டிகளை ஓரமாகத் தள்ளி வைத்தார்கள்.

"தண்ணி குடிச்சியா?"

"குடிச்சேன்."

"செம்பு நிறைய?"

"நிறைய."

அவள் நடந்தாள், ஆனால் குடிக்கவில்லை. குணமானால் செடி பழுத்து உதிர்ந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். சாயங்காலம் மழை விட்ட வெளிச்சத்தில் அந்த மஞ்சள் பூ விரியும்போது, அவர் கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருப்பார். அந்த நேரத்தில் மட்டும் வலி என்று சொல்ல மாட்டார். எனவே, அவர் கண்ணை மூடியிருக்கும்போது, தான் குடிக்க வேண்டிய செம்புத் தண்ணீரை அவள் முக்காலிச் செடியின் வேரில் ஊற்றினாள். செடி அவள் இடுப்பளவு வந்தது, பிறகு தோளளவு வந்தது. பூக்களை ஒதுக்கிக்கொண்டு அவள் வலியின் மேல் உட்கார்ந்தாள். அவருக்குத் தெரிந்திருக்கும். முப்பத்தொரு வருஷம் கண்ணாடியில் பார்த்துப் பழகியவர், பின்னால் நடப்பது எதையும் தவறவிட்டதில்லை. ஆனாலும் அவர் கேட்டார், அவள் சொன்னாள்.

கார்த்திகை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மூன்றரை மணிக்கு அவர் ஸ்டாப்பு என்று சொன்னார். அவள் நடந்துவிட்டு வந்தாள். நான்கு மணிக்குச் சொன்னார், குரல் வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது. அவள் நடந்துவிட்டு வந்தாள். வந்து உட்கார்ந்து, அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

நான்கரை ஆயிற்று. தாழ்வாரத்தில் நடக்கிற பெண்கள் எழுந்து வந்து, அவளுக்காகக் கதவருகில் நின்றார்கள். அவளுடைய முக்காலியைச் சுற்றித் துத்திப் பூக்கள் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டிருந்தன. கண்ணாடியில் அவையெல்லாம் தெரிந்தன, அவர் கண்களும் இமைக்காமல் அந்தப் பக்கமே இருந்தன. ஒருத்தி உள்ளே வந்து அவள் தோளைத் தொட்டு, வா அக்கா, எந்திரி என்றாள்.

"அவங்க இன்னும் சொல்லல" என்றாள் செண்பகவடிவு.